தொங்கவிட்டுத் திருகிய வால்வு

அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்குப் புதிதாக வருகிறவர் பிரேக் என்று வாயெடுத்தால் போதும், கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பான். "எங்கப்பா காலத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு சார். ஒரு உயிரே போச்சு. அதுலேர்ந்து இந்தக் கடையில பிரேக் விஷயத்துல விளையாட்டே கிடையாது" என்பான். சொல்லிவிட்டு நெஞ்சில் கை வேறு வைத்துக்கொள்வான். வந்தவரும், அடடா, என்ன நேர்மை என்று உருகிப்போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். செத்துப்போன அப்பாவைக் காட்டி வியாபாரம் பண்ணுகிற பிள்ளையை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? அவன் தங்கை, சின்னவள், தினமும் பார்த்தாள். ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தபடி, மேலே அவன் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நட்டைத் திருகிக்கொண்டிருந்தாள்.

போன உயிர் வேறு யாருடையதும் இல்லை, அம்மாவின் கூடப்பிறந்த தம்பியுடையது. மாமா என்றால் அந்த வீட்டில் எல்லாருக்கும் உயிர். வந்தால் வீடே கலகலவென்று இருக்கும். அவர் காரும் அப்பாவின் காரும் ஒரே ரகம். பின்சக்கர பிரேக் வால்வு இரண்டும் போய்விட்டதென்று வண்டியைக் கடையில் விட்டார், புது வால்வு போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு நல்ல மழை. ஒரு வளைவில் பிரேக்கை மிதித்திருக்கிறார். பின்சக்கரங்கள் இரண்டும் சட்டென்று பூட்டிக்கொண்டு வண்டி அப்படியே திரும்பி எதிரே வந்த லாரிக்குக் கீழே போய்விட்டது. விசாரிக்க வந்தவர்கள் வால்வைப் போட்டது யார் என்று கேட்டார்கள். அப்பா தலையை நிமிர்த்தாமல், "நான்தான்" என்றார்.

அன்றைக்கு வாயை மூடியவள்தான் அம்மா. புருஷனோடு அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் வந்தபோது மாத்திரையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பேச மட்டும் இல்லை. அவர், "இந்தாம்மா... ஏம்மா..." என்று பின்னாலேயே அலைந்து பார்த்தார். பிறகு அவரும் விட்டுவிட்டார். சாகிற அன்று காலையில்கூட மனுஷன் சமையலறை வாசலில் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போய்ப் படுத்தார். அடுப்பைப் பார்த்து நின்றவள் திரும்பவே இல்லை. சின்னவள் அதைப் பார்த்தாள்.

அப்பா அப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டார் என்று அவளுக்கு எப்போதும் ஒரு எண்ணம். ஆனால் எண்ணத்தை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது? அவரே ஒப்புக்கொண்டாரே! போன மாதம்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. அவள் காய்ச்சலில் படுத்திருந்த நாளில் ஒரு வாடகைக்கார் டிரைவர் பழைய வண்டி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார், அதே வால்வு வேலை. கடையில் பிரேக் வேலையெல்லாம் அவளுடையது, இன்ஜின் அண்ணனுடையது. இருந்தாலும் அந்தத் துரையே கை வைத்துவிட்டார். மறுநாள் அவள் எழுந்து வந்து, ஒப்படைப்பதற்கு முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். மெதுவாக மிதித்ததற்கே பின்பக்கம் சர்ரென்று இழுத்துக்கொண்டு போனது. நேரே அண்ணனிடம் போனாள்.

"இத எப்படி வெச்ச நீ?" என்று கேட்டாள்.

"எப்படின்னா? லிஃப்ட்ல தூக்கி வெச்சுத்தான். சக்கரம் தொங்கும்போதுதானே கை நல்லா எட்டுது" என்றான் அவன், ஏதோ ஊருக்கு உபகாரம் பண்ணினவன் தோரணையில்.

அவள் திரும்பிப் போய் வண்டியைத் தரையில் நிறுத்தியே மறுபடி சரியாக வைத்துக் கொடுத்தாள். ஆனால் அந்த நிமிஷமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அந்த வால்வு செய்கிற வேலை இவ்வளவுதான். வண்டியில் பாரம் இருந்தால் பின்சக்கரத்துக்கு நிறைய அழுத்தத்தை விடும், பாரம் இல்லாவிட்டால் குறைத்துவிடும். பாரம் இருக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? பின் அச்சிலிருந்து ஒரு ஸ்பிரிங் வந்து அதன் நெம்புகோலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். வண்டி அமுங்கினால் ஸ்பிரிங் இறுகும், இறுகினால் பாரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதனால் வண்டி நாலு சக்கரத்தில் தரையில் நிற்கும்போதுதான் அந்த ஸ்பிரிங்கை வைக்க வேண்டும். தூக்கித் தொங்கவிட்டால் ஸ்பிரிங் தொளதொளவென்று கிடக்கும். விவரம் தெரியாதவன், அடடா, லூசாக இருக்கிறதே என்று முறுக்குவான். கீழே இறக்கினதும் அது விண்ணென்று இறுகிவிடும். காலி வண்டியை வால்வு முழுப் பாரம் என்று நினைத்துக்கொள்ளும். மழையில் ஒரு மிதி போதும், பின்பக்கம் முன்னால் வந்து நிற்கும். அப்பா எந்தக் காலத்திலும் சக்கரம் தரையில் படாமல் அந்த நட்டைத் தொட்டதில்லை. ஓட்டுகிறவர் இடத்தில் ஒரு ஆளை உட்காரவைத்து, பின்பக்கத்தை நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, அப்புறம்தான் ஸ்பேனரையே கையில் எடுப்பார்.

ஆக, மாமாவின் வண்டிக்கு வைத்தது அண்ணன். பழியை வாங்கிக்கொண்டது அப்பா. இந்தக் கல்லுளிமங்கன் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, இன்றைக்கு நெஞ்சில் கைவைத்து வியாபாரம் பண்ணுகிறான்! சின்னவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கத்தலாம். கத்தினால் என்ன ஆகும்? "உனக்கு என்னடி தெரியும், நீ அப்ப பாவாடை கட்டிக்கிட்டுத் திரிஞ்சவ" என்பான். அம்மா மகன் பக்கம்தான் நிற்பாள், என்றைக்கு நிற்கவில்லை? அவன் வாயாலேயே வர வேண்டும். அதுவும் அம்மாவின் காது கேட்க வர வேண்டும். அவன் முகம் வெளிறுவதை அம்மா கண்ணால் பார்க்க வேண்டும். சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அவளுக்கு இதே நினைப்பாகத்தான் இருந்தது.

அப்பாவின் கார் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அதை ஓட்டத் தயார் பண்ணப்போவதாகச் சொன்னாள். அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போக வண்டி வேண்டுமே என்றாள். அண்ணனும் சரி என்றுவிட்டான். எங்கெங்கோ சொல்லிவைத்து இரண்டு புது வால்வுகளை வரவழைத்தாள்.

கடைக்கு விடுமுறையான ஒரு நாள் காலையில் வேலையை ஆரம்பித்தாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. பழைய வால்வு இரண்டும் அசையாமல் இறுகிப்போயிருந்தன. பைப் நட்டுகள் துருவேறிக்கிடந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்து, தட்டிக் கொடுத்து, கெஞ்சி, ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லித்தான் கழற்றினாள். புது வால்வுகளைப் போட்டு, பைப்பை மாட்டிவிட்டு, "அண்ணே, கொஞ்சம் பெடல மிதியேன், பைப்புல இருக்கிற காத்த எடுக்கணும்" என்று கூப்பிட்டாள். அவன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.

"மிதி. பிடிச்சுக்க. விடு. மிதி... யோவ், பிடிச்சுக்கன்னா பிடிச்சுக்கணும்!"

"யாருடி யோவ்? மொதலாளிய யோவ்ங்கிற?"

"மொதலாளி கால்ல பலமே இல்ல போலிருக்கே."

மேலே மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அம்மா சிரித்தாள். சிரிக்கட்டும், கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். காற்றெல்லாம் வெளியேறி, கண்ணாடிக் குழாயில் ஆயில் சுத்தமாக வந்ததும், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"அந்தத் துரு நட்டு கைய வாங்கிடுச்சுண்ணே. சுளுக்கிக்கிச்சு. ஸ்பிரிங் மட்டும்தான் வெக்கணும், நீயே வெச்சிடேன்."

"இதுக்குத்தான் ஆம்பள வேணுங்கிறது" என்று அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.

லிஃப்ட் பொத்தானை அவனே அழுத்தினான். வண்டி மேலே போயிற்று. பின்சக்கரங்கள் இரண்டும் தொங்கின. அவள் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவன் ஸ்பிரிங்கை விரலால் ஆட்டிப் பார்த்தான், உச்சுக்கொட்டினான், ஸ்பேனரை வைத்து முறுக்கினான். இன்னும் கொஞ்சம் முறுக்கினான். பக்கத்து நட்டைப் போட்டு இறுக்கிவிட்டு, "அவ்ளோதான், இதுக்குப் போய் ஒரு நாள் பூரா உருட்டிக்கிட்டு இருப்ப நீ" என்றான்.

வண்டி தரையில் இறங்கிற்று. இவள் இத்தனை நாளாகக் காத்திருந்த நேரம் இதுதான். அம்மாவைப் பார்த்து, "அம்மா, இறங்கி வா. அண்ணனே தன் கையால பிரேக் வெச்சிருக்கு. மொத ரவுண்டு நீதான் போகணும்" என்றாள். அண்ணன் பக்கம் திரும்பி, அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு, "மழையா இருக்கு. அம்மாவ ஏத்திக்கிட்டு அப்படியே மேட்டு ரோடு வரைக்கும் போயிட்டு வாண்ணே" என்றாள்.

இப்போது நடுங்குவான் பாருங்கள் என்றிருந்தாள். தன் கையால் மாமாவைக் கொன்ற அதே வேலை, அதே ரக வண்டி, அதே மழை, பக்கத்தில் பெற்ற தாய். எப்படி ஏற்றுவான்? வேண்டாம் என்பான், ஏன் என்று கேட்பாள், அவன் திணறுவான், அங்கேயே வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி!

"ஓ, போலாமே!" என்றான் அவன். "வாம்மா, ராணி மாதிரி உக்காரு. எத்தன வருஷமாச்சு இதுல ஏறி!"

கதவைத் திறந்துவிட்டான். அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். பெல்ட்டை எங்கே குத்துவதென்று தெரியாமல் அவள் தடவ, அவனே குனிந்து மாட்டிவிட்டான். அவன் முகத்தில் நடுக்கமாவது ஒன்றாவது! பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளையின் முகம் அது. சின்னவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். இன்ஜின் உறுமியது. வண்டி அவளைத் தாண்டி வாசலை நோக்கி நகர்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இவனுக்குத் தெரியாது. இன்றைக்கு வரைக்கும் இவனுக்குத் தெரியாது! வாசலுக்கு அந்தப் பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே லாரி போகிற ரோடு.

"நிறுத்து! டேய், நிறுத்துடா!"

அண்ணனை வாழ்நாளில் முதல் தடவையாக டா போட்டுக்கொண்டு ஓடினாள். வாசலுக்கும் வண்டிக்கும் நடுவில் பாய்ந்து பானெட்டில் இரண்டு கையாலும் அறைந்தாள். ஊர்ந்துகொண்டிருந்த வண்டி என்பதால் நின்றது. அவள் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். கிழவி தடுமாறி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு?" என்று அண்ணன் கத்தினான்.

அவள் அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "ரோட்டுக்குப் போகாத. பின்னால காலி இடத்துக்கு விடு. வேகமா போய் நடுவுல ஓங்கி ஒரு மிதி மிதி."

"எதுக்குடி?"

"நீ வெச்ச பிரேக்தானே? மிதிக்க என்ன பயம்?"

அந்தப் பேச்சு அவனுக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. கடைக்குப் பின்னால் வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற சிமெண்டுத் தரை, தூறலில் நனைந்து பளபளத்துக்கொண்டிருந்தது. விருட்டென்று விட்டான், நடுவில் வந்ததும் மிதித்தான். அடுத்த நொடி சுவரும் கொட்டகையும் வாசலும் கண்ணாடியில் வரிசையாக ஓடின. சின்னவள் மேலே இருந்த பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். வண்டி முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகப் போய்ப் பழைய டயர்க் குவியலில் டமாரென்று மோதி நின்றது. நாலைந்து டயர்கள் உருண்டு அங்குமிங்கும் ஓடின.

அவன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

"என்ன இது..." என்றான் கடைசியில். "நான் சரியாத்தானே வெச்சேன். அன்னிக்கும் இப்படித்தானே..."

"என்னிக்கு?" என்றாள் அவள். கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டாள். அம்மா நனைந்துகொண்டே ஓடி வந்து ஜன்னலைப் பிடித்து நின்றாள். "அம்மாவும் கேக்கட்டும். என்னிக்குண்ணே?"

அவன் அம்மாவைப் பார்த்தான். இவளைப் பார்த்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பயத்தில் இருக்கிறவன் வாய்க்குப் பூட்டு ஏது? "மாமா வண்டிக்கு" என்றான். "அன்னிக்கு அப்பா வெளிய போயிருந்தாரு. மாமா அவசரப்படுத்துனாரு. நான்தான் வெச்சேன். அப்பா அப்புறம் போய்ப் பாத்துருப்பாரு, அவரு கைபட்டு ஏதோ கெட்டுருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அவரே நான்தான்னு சொன்னாரே!"

"நெனச்சுக்கிட்டியா, அப்படி நெனச்சுக்க வசதியா இருந்துச்சா? அப்பா முன்னாடியே பாத்திருந்தா அந்த வண்டிய வெளிய விட்டிருப்பாரா? நொறுங்கிப்போன வண்டிக்கு அடியில படுத்து அப்புறம்தான் அந்த நட்டப் பாத்திருப்பாரு. யாரு வெச்சது, எப்படி வெச்சதுன்னு அவருக்கு யாரும் சொல்லணுமா? தொங்கவிட்டு முறுக்கியிருக்கடா. மாமாவக் கொன்னது நீ. அப்பா பேரச் சொல்லி நெஞ்சுல கை வெச்சுக்குவியே, இப்ப வெச்சுக்க!"

அவன் முகம் சுருங்கிற்று. ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை விக்குகிற மாதிரி விக்கி விக்கி அழுதான். சின்னவளுக்கு அதைப் பார்க்க எவ்வளவு இனித்தது தெரியுமா! ஒளிக்காமல் சொன்னால், நன்றாகவே இனித்தது. அழு, நன்றாக அழு என்று உள்ளே ஒரு குரல் கைகொட்டிற்று. அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி அம்மாவுக்கு நேரே நின்றாள்.

அம்மா மகனைப் பார்க்கவே இல்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் கண்ணில் வழிந்தது, துடைக்கவில்லை.

"இது இப்படிச் சுத்தும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"தெரிஞ்சேதான் என்னைய ஏறச் சொன்னியா?"

அண்ணன் ஏற்ற மாட்டான் என்று நினைத்தேன், அதற்குத்தான் ஓடி வந்து நிறுத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் சமையலறை வாசலில் வந்து நின்ற அந்த மனுஷன் அவள் கண்ணுக்கு முன்னால் நின்றார். அம்மாவும் கொஞ்சம் பயப்படட்டும் என்று தனக்குள் இருந்ததா இல்லையா? இருந்தது. இவனைவிடக்கூட அம்மாமேல்தான் கோபம் அதிகமாக இருந்தது. இப்போதுதான் அது அவளுக்கே தெரிந்தது.

"ஆமாம்மா" என்றாள். "ஒரு நிமிஷம் நீயும் பயப்படட்டும்னுதான். அப்பாவ இவன் மாட்டிவிட்டான். ஆனா தெனம் தெனம் கொன்னது நீதானே? ஒரு வார்த்த பேசுனியா அவருகிட்ட? செத்த அன்னிக்காவது?"

சொல்லிவிட்டு அடி விழும் என்று நின்றாள். விழவில்லை. அம்மா மெல்லக் கீழே குனிந்து, உருண்டு வந்து கிடந்த ஒரு டயர்மேல் உட்கார்ந்தாள். தூறல் வலுத்தது. வண்டிக்குள் அவன் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அவருக்கு நல்லாத் தெரியும்டி" என்றாள் அம்மா. "எந்தம்பியத்தான் காவு குடுத்தாச்சு, புள்ளையாவது எனக்கு மிஞ்சட்டும்னு தலையில போட்டுக்கிட்டாரு. நான் ஒரு தடவ வாயத் தொறந்து, ஏங்க, எப்படிங்க ஆச்சுன்னு கேட்டிருந்தா போதும். எங்கிட்ட அவருக்குப் பொய் சொல்ல வராது. கேக்கவே இல்லியே நான்."

அம்மா வண்டிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவன் பண்ணினதுக்கு அவன் அழறான். நீ பண்ணினதுக்கு எங்கிட்டச் சொல்லிட்ட. நான் யாருகிட்டடி போய்ப் பேசுவேன்?"

அம்மா நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தாள், முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு. இந்தக் கேள்வியைத்தான் இத்தனை வருஷமாக இவள் அம்மாவின் வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்டது. கேட்டாயிற்று. வாயில் கொஞ்ச நேரத்துக்கு முன் இருந்த இனிப்பு எங்கேயோ போய்விட்டது. அம்மாவுக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். அம்மா அவள் கையைத் தட்டிவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.